துயர் துடைப்போரின் துயர்

மதுரைப் பனகல் சாலையிலுள்ள சர்க்கார் ராஜாஜி ஆஸ்பத்திரியின் வாசலில் ஒரு நாள் நின்று பார்த்தால், தென் ஜில்லாக்களின் துன்பமெல்லாம் அந்த ஒரே வழியாக உள்ளே போவது போலத் தோன்றும். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று முற்காலத்தில் வழங்கிய அந்த ஸ்தாபனத்துக்கு மதுரை நகரத்தார் மட்டும் வருவதில்லை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிக் கிராமங்களிலிருந்தும், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம், தேனி ஜில்லாக்களிலிருந்தும் உள்ளூர் வைத்தியத்துக்கு அடங்காத கேஸ்கள் அங்கேதான் வந்து சேருகின்றன. பட்டாசு ஆலையில் வெந்தவர்கள், நாற்கரச் சாலையில் அடிபட்டவர்கள், கடன் தாங்காமல் பூச்சிமருந்து குடித்தவர்கள் ஆகியோரைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வருகிறது. சர்க்கார் உதவித்தொகை அறிவிக்கிறது. மந்திரிகள் வந்து பார்த்துப் போகிறார்கள். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால், அவர்களை ஏந்தி எடுத்தவர்களும், புண்ணைக் கழுவிக் கட்டியவர்களும், வராந்தாவில் காத்திருந்த தாயிடம் மரணச் செய்தியைச் சொன்னவர்களும் மறுநாள் எப்படி இருந்தார்கள் என்று கேட்பது நம்மிடையே வழக்கமில்லை. அந்தக் கேள்வியை இன்று பொதுஜனங்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

விஷயம் சிறியதல்ல. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். இந்த எண்ணிக்கைக்குப் பின்னால், கயிற்றை அறுத்துக் கீழே இறக்கியவர்கள், வண்டியில் ஏற்றியவர்கள், வயிற்றைக் கழுவியவர்கள், வாக்குமூலம் எழுதியவர்கள் என்று மற்றொரு பெரிய கூட்டம் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு அந்தத் துக்கம் வாழ்நாளில் ஒருமுறை வருகிறது. இவர்களுக்கோ வாரந்தோறும் வருகிறது.

தீப்புண் வார்டை எடுத்துக்கொள்வோம். 2012-ம் வருஷம் செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டதை நாடு அறியும். அவ்வளவு பெரியதாக இல்லாவிட்டாலும், அத்தகைய விபத்து நேராத வருஷம் அந்தச் சீமையில் அரிது. உடலில் பெரும்பகுதி வெந்தவர் பல சமயங்களில் உடனே இறந்துவிடுவதில்லை. நினைவோடு இருக்கிறார், பேசுகிறார், தம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறார். அவருடைய கட்டுகளை அவிழ்த்துக் கழுவி மறுபடி கட்டும் நர்ஸுக்கு அவர் பெயர் தெரியும், ஊர் தெரியும், வீட்டு விஷயமெல்லாம் தெரியும். சில நாள் கழித்துப் புண்ணில் விஷம் ஏறி அவர் போய்விடுகிறார். அதே கட்டிலுக்கு மற்றொருவர் வருகிறார். நர்ஸ் மறுபடியும் பெயரைக் கேட்கிறாள். இப்படி மூன்று வருஷம் வேலை பார்த்தவளுடைய மனத்தில் ஒன்றும் ஒட்டவில்லை என்று சொல்லக்கூடியவர் உண்டா?

இதற்கு மேல்நாட்டு நிபுணர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மக்கான், பேர்ல்மன் என்ற இரு அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் 1990-ம் வருஷத்தில், துன்பப்பட்டவர்களின் கதையைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு அதே காயத்தின் சாயல் உண்டாகிறது என்று எழுதினார்கள். 1992-ல் ஜாய்ன்சன் என்னும் அம்மையார் நர்ஸ்களிடம் கண்ட நிலையைக் ‘கருணைச் சோர்வு’ என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார். சார்ல்ஸ் ஃபிக்லி 1995-ல் அதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். 2013-ம் வருஷத்தில் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் தன்னுடைய நோய்வகைத் தொகுப்பைப் புதுப்பித்தபோது முக்கியமான ஒரு விதியைச் சேர்த்தது. விபத்தை நேரில் அனுபவித்தவருக்கு வருகின்ற அதே மனக்காய நோய், அதன் கொடிய விவரங்களைத் தொழில் காரணமாக மீண்டும் மீண்டும் எதிர்கொள்பவருக்கும் வரலாம் என்று அது ஒப்புக்கொண்டது. மனித உடலின் சிதைந்த பாகங்களைப் பொறுக்கியெடுக்கும் மீட்புப் பணியாளரையும், குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளின் விவரங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கும் போலீஸ்காரரையும் அந்தத் தொகுப்பே உதாரணமாகக் காட்டுகிறது.

இது வெறும் உடல் அலுப்பு அன்று. அலுப்பு ஒரு நாள் தூங்கினால் போய்விடும். இதில் தூக்கமே வராது; வந்தாலும் கனவில் வார்டு வரும். அடுப்பில் ஏதாவது கருகினால் நெஞ்சு படபடக்கும். தன் குழந்தை பள்ளிக்கூடத்திலிருந்து கால்மணி நேரம் தாமதித்தால் மனம் போகாத இடமெல்லாம் போகும். பிறகு ஒரு கட்டத்தில் இவையெல்லாம் அடங்கி, எதைக் கண்டாலும் ஒன்றுமே தோன்றாத மரத்த நிலை வரும். அதுதான் மிகவும் அபாயமானது. ‘சர்க்கார் ஆஸ்பத்திரியில் எரிந்து எரிந்து விழுகிறார்கள், ஈவிரக்கம் இல்லை’ என்று நம் ஜனங்கள் குறைப்படுவதுண்டு. அந்தக் குறையில் நியாயம் உண்டு. கடுஞ்சொல்லுக்கு நாம் பரிந்து பேச வரவில்லை. ஆனால் அந்தக் கடுகடுப்பில் ஒரு பங்கு, சிகிச்சை பெறாத இந்த நோயே என்பதை உணரவேண்டும். வந்த முதல் மாதத்தில் நோயாளிக்காக ஒளிந்து அழுத பெண்ணே ஐந்தாம் வருஷத்தில் முகம் திருப்பிக்கொண்டு போகிறாள். இடையில் நடந்ததை யாரும் விசாரிக்கவில்லை. அதனால் நஷ்டப்படுபவள் அவள் மட்டுமல்ல. அடுத்த கட்டிலில் கிடக்கும் ஏழையுந்தான்.

ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெளியிலும் இந்த நோய் உண்டு. 2008-ம் வருஷம் முதல் தமிழ்நாட்டில் ஓடும் 108 வண்டிகளின் ஊழியர்கள் பன்னிரண்டு மணி நேர முறையில் வேலை செய்கிறார்கள். ஒரு விபத்தில் தலை நசுங்கிய பிள்ளையை இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அழைப்பு வந்துவிடும். 2020-ம் வருஷம் நவம்பர் 14-ம் தேதி தீபாவளி விடியற்காலையில் மதுரை நவபத்கானா தெருவில் ஜவுளிக் கடை ஒன்றில் பற்றிய தீயை அணைக்கப் போன வீரர்களில் இருவர் கட்டடம் இடிந்து விழுந்து உயிர் நீத்தார்கள். 2023-ம் வருஷம் ஆகஸ்ட் 26-ம் தேதி அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தருகே நின்றிருந்த யாத்திரிகர் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் மாண்டார்கள். இறந்தவர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். பக்கத்தில் நின்ற தோழனை இடிபாட்டுக்குப் பறிகொடுத்தும், கருகிய உடல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தும் மறுநாள் வேலைக்கு வந்தவர்களை மறந்துவிட்டோம்.

கிராம சுகாதார நர்ஸின் நிலை இன்னும் கடினமானது. 1980-களில் உசிலம்பட்டிப் பக்கத்தில் பெண்சிசுக்கொலை நடப்பது பத்திரிகைகளில் வெளிவந்து நாடு தலைகுனிந்தது. 1992-ல் சர்க்கார் தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் கர்ப்பிணிகளின் கணக்கை வைத்திருந்தவள் கிராம நர்ஸ். தான் எடை பார்த்த சிசு அடுத்த முறை போகும்போது தொட்டிலில் இல்லையென்றால், அவள் தினந்தோறும் முகத்தில் விழிக்கவேண்டிய அண்டை வீட்டார்மீது புகார் எழுதவேண்டும். அல்லது மௌனமாக இருந்துவிட்டு அதைத் தன் நெஞ்சிலேயே புதைக்கவேண்டும். இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. ஆனால் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அந்தச் சாவைத் தணிக்கை செய்யும் முறை நம் மாகாணத்தில் உண்டு. அம்முறையால் பல தாய்மாரின் உயிர் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அதை நாம் பாராட்டுகிறோம். எனினும் தான் பத்து மாதம் பின்தொடர்ந்து பார்த்த பெண்ணைப் பறிகொடுத்து நிற்பவளைக் கூட்டத்தில் எழுப்பிக் குற்றவாளியைப் போலக் கேள்வி கேட்டால், தணிக்கையின் நோக்கமே கெட்டுப்போகிறது. அடுத்த முறை அவள் உண்மையை மறைக்கக் கற்றுக்கொள்வாள்.

நியாயஸ்தலங்களும் விலக்கல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ம் வருஷத்திய போக்சோ சட்டம் மிகுந்த பரிவோடு எழுதப்பட்டது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலேயே, கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடையின்றிப் பதிவு செய்யவேண்டும் என்று 24-ம் பிரிவு சொல்கிறது. திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு இழுக்கக்கூடாது என்று 33-ம் பிரிவு சொல்கிறது. குழந்தையை இவ்வளவு தூரம் நினைத்த சட்டம், இதே வாக்குமூலங்களை வருஷம் முழுவதும் எழுதும் அந்தப் பெண் அதிகாரியையும், அருகில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லும் ஆலோசகரையும், சாட்சியத்தை எழுத்தெழுத்தாக அச்சடிக்கும் குமாஸ்தாவையும் நினைக்கவில்லை. வக்கீல்களாகிய நாமோ, கேஸ்கட்டை மூடினால் கதையும் மூடிவிடும் என்று ஒரு பாவனையில் காலம் கழிக்கிறோம்.

இனிச் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். நாம் கேட்பது தயவு அல்ல, நியாயம் என்பது அப்போதுதான் விளங்கும். 1923-ம் வருஷத்திய தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தொழிலால் வரும் நோய்களைப் பட்டியலிட்டது. வைத்தியத் தொழிலிலும் பரிசோதனைச் சாலையிலும் தொற்றிக்கொள்ளும் நோய்கள் அதில் முதலிடத்திலேயே உண்டு. அந்தச் சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்ட 2020-ம் வருஷத்திய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அத்தகைய அட்டவணையையே கொண்டிருக்கிறது. அதாவது, நோயாளியின் இருமலிலிருந்து நர்ஸுக்குக் காசம் தொற்றினால் அது வேலையால் வந்த கேடு என்று நமது சட்டம் கொள்கையளவில் ஒப்புக்கொள்கிறது. நோயாளியின் துயரத்திலிருந்து அவளுக்குத் தொற்றியதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மனநோய் எதுவும் அந்த அட்டவணையில் இல்லை. இந்தியா ஆதிமுதல் அங்கத்தினராக இருக்கும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமோ 2010-ம் வருஷத்திலேயே தன்னுடைய தொழில்நோய்ப் பட்டியலில் மனக்காய நோயைச் சேர்த்துவிட்டது. ஜெனிவாவில் நாம் அங்கத்தினர். மதுரையில் நமக்கு அந்த விஷயம் தெரியாது என்று எத்தனை காலம் இருப்பது?

இதற்கு ஆக்ஷேபணைகள் எழும். ‘தொண்டுக்கு வந்தவர்களுக்கு நெஞ்சுரம் வேண்டாமா? பலவீனர்கள் ஏன் இந்த வேலைக்கு வரவேண்டும்?’ என்று சிலர் கேட்பார்கள். நெஞ்சுரம் வேண்டியதுதான். ஆனால் மனம் சிறிதும் இளகாதவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து வார்டில் நிறுத்தினால் அந்த வார்டில் படுக்க யார் சம்மதிப்பார்கள்? இந்த நோய் முதலில் பற்றுவது நல்ல ஊழியர்களைத்தான். எவள் நோயாளியின் பெயரைக் கேட்கிறாளோ அவளைத்தான் அது பிடிக்கிறது. இன்னும் சிலர் தியானமும் யோகமும் போதும் என்பார்கள். அவை நல்லவை, செய்யவேண்டியவை. ஆனால் ஒரு நர்ஸின் பொறுப்பில் ஐம்பது நோயாளிகளை விட்டுவிட்டு அவளுக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுப்பது, ஓட்டைப் படகில் ஏற்றிவிட்டு நீச்சல் உபதேசம் செய்வதற்கு ஒப்பாகும். முதலில் ஓட்டையை அடைக்கவேண்டும்.

‘பெரிய விபத்து நடந்த மறுநாளே எல்லோரையும் உட்கார வைத்து நடந்ததைப் பேசச் சொன்னால் சரியாகிவிடும்’ என்று மூன்றாவது ஒரு யோசனை உண்டு. மேல்நாடுகளில் இது பல வருஷம் நடைபெற்றது. 2002-ம் வருஷத்தில் இவ்விஷயமான பரிசோதனைகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்த காக்ரேன் அறிக்கை, ஒரே முறை கட்டாயமாகப் பேசவைப்பதால் பின்னால் வரும் நோய் தடைப்படுவதாகத் தெரியவில்லை என்றும், சிலருக்குத் தீங்கே நேரலாம் என்றும் கண்டது. ஆகவே, துணிப்பதாகை கட்டி, மாலை போட்டு, ஒரு நாள் ‘முகாம்’ நடத்திப் படம் எடுத்துக்கொண்டு போவதை நாம் ஆதரிக்க முடியாது. வேண்டியது தினசரி ஏற்பாடு. உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் வெளியிட்ட வேலைத்தல மனநல வழிகாட்டிக் குறிப்புகளும், தனி ஆளைத் திருத்துவதோடு நில்லாமல் வேலையின் அமைப்பையே திருத்தவேண்டும் என்று சொல்கின்றன.

தினசரி ஏற்பாடு என்பதற்கு உதாரணங்கள் இல்லாமல் இல்லை. தற்கொலை எண்ணத்தோடு பேசுபவர்களுக்குச் செவிகொடுக்க 1953-ல் லண்டனில் தொடங்கிய சமாரிட்டன்ஸ் என்னும் சங்கத்தில், தொண்டர் ஒருவர் தம் முறை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. அன்று கேட்டவற்றை ஒரு மூத்த தொண்டரிடம் சொல்லி இறக்கிவைத்த பிறகே போகிறார். இதற்குக் கட்டடமோ யந்திரமோ வேண்டியதில்லை.

நம் தமிழர் நாட்டிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் மனநோய் வைத்தியராக உழைத்த தயா சோமசுந்தரம், யுத்தம் விளைத்த மனக்காயங்களைப் பற்றி 1998-ல் ஒரு நூல் வெளியிட்டார். காயம் தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குகிறது, ஆகவே சிகிச்சையும் குடும்பத்தையும் ஊரையும் துணைக்கொண்டே நடக்கவேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கருத்து. அங்கே உளவளத்துணைப் பணிக்கு இறங்கியவர்கள் பலர் தாங்களே வீடிழந்தவர்கள், உறவிழந்தவர்கள். உதவுபவன் வேறு, உதவி பெறுபவன் வேறு என்ற கோடு அங்கே அழிந்துபோயிற்று. அந்த நிலையில் தனியாக ஒருவர் தாக்குப்பிடிக்க முடியாது. கூட்டாக நின்றால்தான் முடியும்.

இவற்றையெல்லாம் யோசித்து, சர்க்காரையும் ஆஸ்பத்திரி நிர்வாகிகளையும் நாம் கேட்பது இவை:

முதலாவது, தீப்புண் வார்டு, விபத்துப் பிரிவு, பிணப் பரிசோதனை அறை ஆகிய இடங்களில் ஒருவரையே வருஷக் கணக்கில் வைத்திருக்காமல், குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். பெரிய விபத்தில் வேலை செய்தவர்களுக்கு அடுத்த முறைக்கு முன் கட்டாய ஓய்வு கொடுக்கவேண்டும்.

இரண்டாவது, பொது வார்டில் ஆறு நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் என்று சர்க்காரின் பணியாளர் ஆய்வுப் பிரிவே அளவு வகுத்திருக்கிறது. அதைக் காகிதத்திலிருந்து வார்டுக்குக் கொண்டுவரவேண்டும். 2015-ம் வருஷத்தில் தேர்வு எழுதி வந்த நர்ஸ்கள் மாதம் 7,700 ரூபாய் ஒப்பந்தச் சம்பளத்தில் அமர்த்தப்பட்டதை நாடு மறக்கவில்லை. நாளை வேலை இருக்குமா என்று அஞ்சுகிறவளிடம், ‘உன் மனக்குறையைச் சொல்’ என்றால் அவள் சொல்லமாட்டாள்.

மூன்றாவது, ஒவ்வொரு பிரிவிலும் மாதந்தோறும் ஒரு மணி நேரமாவது, பயிற்சி பெற்ற ஒருவரோடு ஊழியர்கள் பேசுவதற்கு வேலை நேரத்திலேயே இடம் ஒதுக்கவேண்டும். அவர் மேலதிகாரியாக இருக்கக்கூடாது. பேசியது சர்வீஸ் புஸ்தகத்தில் ஏறக்கூடாது. தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவில் வரிசையில் நிற்க எந்த நர்ஸும் கூசுவாள். ஆகையால் வெளியார் உதவியைச் சேர்த்துக்கொள்வது அவசியம். 1992 முதல் இந்த நகரில் மனநலப் பணி செய்துவரும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்ற ஸ்தாபனங்கள் இருக்கும்போது மதுரைக்கு இது ஒரு பெரிய சிரமமல்ல.

நான்காவது, மரணத் தணிக்கையில் பாடம் கற்பதையும் தண்டிப்பதையும் வெவ்வேறு கூட்டங்களில் வைக்கவேண்டும்.

ஐந்தாவது, தொழில்நோய் அட்டவணையில் மனக்காய நோயைச் சேர்க்க மத்திய சர்க்கார் முன்வரவேண்டும். நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் இதைப் பிரஸ்தாபிக்க வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். ஒரு நர்ஸைத் தயார் செய்ய மூன்று நான்கு வருஷம் ஆகிறது. அவள் மனமுடைந்து வேலையை விட்டால் அந்தச் செலவு முழுவதும் வீண். அவள் விடாமல் மரத்த மனத்தோடு நீடித்தால் நஷ்டம் அதைவிடப் பெரிது. அது எந்தக் கணக்கிலும் வராது.

கடைசியாக, அரசியல் துறையிலும் பொதுத்தொண்டிலும் ஈடுபட்டிருக்கும் நமது வாசகர்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. இது சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் விஷயம் மட்டுமல்ல. 1997-ம் வருஷம் ஜூன் 30-ம் தேதி மேலூர் தாலுகா மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் வந்த தலித் மக்களும் பஸ்ஸை வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2001-ல் சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைக்கும்வரையில், எத்தனை பேர் அந்த விதவைகளின் வாயிலிருந்து அதே கதையை எத்தனை முறை கேட்டிருப்பார்கள்! 1995-ல் மதுரையில் தோன்றிய மக்கள் கண்காணிப்பகத்தைப் போன்ற சங்கங்களின் ஊழியர்களுக்குச் சித்திரவதை பட்டவர்களின் வாக்குமூலத்தை எழுதுவதே அன்றாட வேலை. ஒவ்வொரு கட்சியிலும் சங்கத்திலும் இத்தகைய ஊழியர்கள் இருக்கிறார்கள். கலவரம் நடந்த கிராமத்துக்கு முதலில் ஓடுகிறவன் அவன்தான். அவன் ஆறு மாதம் கழித்துக் கூட்டத்துக்கு வராமல் போனால், கோபக்காரனாக மாறினால், குடிக்கத் தொடங்கினால், ‘ஆள் சரியில்லை, கொள்கைப் பிடிப்புக் குறைந்துவிட்டது’ என்று கைகழுவிவிடுகிறோம். அந்த வழக்கத்தை நாம் உடனே விடவேண்டும்.

இதற்குச் சர்க்கார் உத்தரவு தேவையில்லை. துயரம் நடந்த இடத்துக்கு ஒருவரைத் தனியே அனுப்பாமல் இருவராக அனுப்புங்கள். திரும்பி வந்த அன்றே அறிக்கை கேட்காதீர்கள்; சாப்பிட வையுங்கள்; தூங்க விடுங்கள். அவர் பேச விரும்பினால் குறுக்கிடாமல் கேட்க ஒரு மூத்தவரை நியமியுங்கள். பேச விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். அடுத்த சம்பவத்துக்கு வேறொருவரை அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி விசாரியுங்கள். மற்றவர்கள் மறந்த பிறகே பலருக்கு இந்த நோய் தலைகாட்டுகிறது. ‘எனக்கு முடியவில்லை’ என்று ஒரு தோழர் சொன்னால் அதைக் கோழைத்தனமாகக் கொள்ளாமல், காய்ச்சல் என்று சொன்னதைப் போல எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறர் துன்பத்தைத் தன் துன்பமாகக் கருதுபவனே மனிதன் என்று நம் பெரியோர் நமக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். அதை அப்படியே நம்பி வார்டிலும் சாலையிலும் கிராமத்திலும் உழைக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் சுமப்பது நமது சுமை. அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு. அந்த ஏற்பாட்டை மதுரை முதலில் செய்து காட்டட்டும்.